படு என்றார்கள், இன்று நட என்கிறார்கள்! ஆபரேஷனுக்குப் பிறகான ஒரு நூற்றாண்டுக் கதை

1902-ம் வருடம், ஜூன் மாதம். லண்டன் நகரமே தோரணம் கட்டிக்கொண்டு காத்திருந்தது. விக்டோரியா மகாராணி 1901 ஜனவரியில் காலமாகிவிட்டார். ஐம்பத்தொன்பது வருடம் இளவரசராகவே காத்திருந்த எட்வர்டுக்கு ஜூன் 26 அன்று முடிசூட்டு விழா. வெளிநாட்டு விருந்தினர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். சமையலறையில் விருந்து தயாராகிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மன்னருக்கு வயிற்று வலி. குடல்வால் அழற்சி, உள்ளே சீழ் வேறு கட்டிவிட்டது. விழாவை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது மன்னரின் பிடிவாதம். முடியவே முடியாது என்றார்கள் டாக்டர்கள். ஜூன் 24 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஒரு அறையை ஆபரேஷன் தியேட்டர் ஆக்கி, சர்ஜன் ஃபிரடெரிக் டிரீவ்ஸ் வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். ("யானை மனிதன்" என்று அழைக்கப்பட்ட ஜோசப் மெர்ரிக்குக்கு ஆதரவு கொடுத்த அதே டிரீவ்ஸ்தான்.)

விழா தள்ளிப்போனது. உலகின் மிகப் பெரிய சாம்ராஜ்ஜியத்தின் தலைவர், டாக்டர் சொன்னபடி படுக்கையில் கிடந்தார். ஜூலையில் ராஜாங்கக் கப்பலில் ஓய்வு. ஆகஸ்ட் 9 அன்றுதான் கிரீடம் தலையில் ஏறியது. அப்போதும் மன்னரின் உடல்நிலை கருதிச் சடங்குகளைச் சுருக்கினார்கள்.

மன்னரே ஆனாலும் டாக்டர் சொல்லைக் கேட்க வேண்டும் என்பது இந்தக் கதையின் நீதி. பள்ளிக்கூடப் பாடமாக இருந்தால் இதோடு முடிந்துவிடும். ஆனால் வரலாறு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஏனென்றால் அந்தக் காலத்தில் வயிற்று ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் டாக்டர்கள் இட்ட முதல் கட்டளை, "அசையாமல் படுத்திருங்கள்". இரண்டு வாரம், மூன்று வாரம். அந்தக் கட்டளையை ஒழுங்காகக் கேட்டு நடந்தவர்களில் சிலர், கேட்டு நடந்ததாலேயே இறந்துபோனார்கள். இதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஆனது.

ஏன் படுக்கச் சொன்னார்கள்?

படுக்கச் சொன்ன டாக்டர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களிடம் காரணம் இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு அசையக்கூடாது என்ற எண்ணம் மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதையில் கண்புரைக்கான சிகிச்சை சொல்லப்பட்டிருக்கிறது. அது முடிந்ததும் நோயாளி ஏப்பம் விடக்கூடாது, இருமக்கூடாது, தும்மக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது என்று வரிசையாகத் தடைகள் உண்டு. கண்ணுக்குள் கருவி போய் வந்திருக்கிறது, சின்ன அதிர்ச்சியும் கெடுதல். நியாயமான பயம்தானே?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து பொதுமேடையில் நிரூபிக்கப்பட்டது. 1867-ல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் காயத்தில் சீழ் பிடிக்காமல் தடுக்கலாம் என்று எழுதினார். வலியும் சீழும் கட்டுக்குள் வந்ததும், அதுவரை கை, கால்களோடு நின்றிருந்த சர்ஜன்கள் தைரியமாக வயிற்றைத் திறக்க ஆரம்பித்தார்கள்.

வயிற்றைத் திறந்தால் மூட வேண்டும். மூடிய தையல் தாங்குமா? அன்றைய தையல் நூல்களை முழுக்க நம்ப முடியாது. நோயாளி எழுந்து நின்றால் தையல் பிரிந்து குடல் வெளியே வந்துவிடும், இல்லாவிட்டாலும் பிற்பாடு குடலிறக்கம் வரும் என்று பயந்தார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு சித்தாந்தமும் துணைக்கு வந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் சர்ஜன் ஜான் ஹில்டன், ஓய்வு எப்படிக் காயத்தை ஆற்றுகிறது என்று தொடர் சொற்பொழிவுகள் ஆற்றி, 1863-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் அதைப் படித்து வளர்ந்தார்கள். லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் என்ற எலும்பு மருத்துவர், உடைந்த எலும்புக்கும் காசநோய் பிடித்த மூட்டுக்கும் நீண்ட, இடைவிடாத ஓய்வே மருந்து என்று வாதாடினார். எலும்பு விஷயத்தில் அவர் சொன்னதில் நிறைய உண்மை இருந்தது. இன்றும் அவர் பெயரில் "தாமஸ் ஸ்பிளிண்ட்" இருக்கிறது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், உடைந்த எலும்புக்குப் பொருந்திய விதியை ஒட்டுமொத்த மனிதனுக்கும் பொருத்திவிட்டார்கள். காயம்பட்ட இடத்துக்கு ஓய்வு வேண்டும், சரி. அதற்காகக் காலும் நுரையீரலும் இதயமும் சேர்ந்து படுத்துக்கொள்ள வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

பத்தாவது நாள் மரணம்

அந்தக் காலத்து வார்டுகளில் ஒரு துயரமான காட்சி அடிக்கடி நடக்கும். ஆபரேஷன் நன்றாக முடிந்திருக்கும். காயம் ஆறிக்கொண்டிருக்கும். காய்ச்சல் இல்லை. ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து நோயாளி முதல்முறையாக எழுந்து உட்காருவார், அல்லது மலம் கழிக்க முயல்வார். திடீரென்று மூச்சு முட்டும். முகம் நீலம் பாயும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

நடந்தது என்ன? நின்று நடக்கும்போது நமது கெண்டைக்கால் தசைகள் ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி விரிந்து, கால் நாளங்களில் உள்ள ரத்தத்தை இதயத்தை நோக்கிப் பிழிந்து தள்ளுகின்றன. கிட்டத்தட்ட ஒரு பம்ப் செட். படுத்தே கிடந்தால் இந்த பம்ப் ஓடாது. ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறையும். அந்தக் கட்டி ஒருநாள் பிய்த்துக்கொண்டு போய் நுரையீரல் தமனியை அடைக்கும்.

ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவ் 1840-களிலும் 1850-களிலும் இதைத் தெளிவாக விளக்கியிருந்தார். நுரையீரலில் காணப்படும் கட்டி அங்கேயே பிறந்ததல்ல, வேறு நாளத்தில் உருவாகி ரத்த ஓட்டத்தில் மிதந்து வந்தது என்று காட்டியவர் அவர்தான். அதாவது அறிவு கையில் இருந்தது. ஆனால் வார்டில் நின்ற டாக்டர் கண்ணால் கண்டது வேறு. "எழுந்தார், செத்தார்". அப்படியானால் எழுந்தது தப்பு! அடுத்த நோயாளியை இன்னும் ஒரு வாரம் கூடுதலாகப் படுக்க வைத்தார்கள்.

படுத்ததால் உருவான கட்டி, எழும்போது கொன்றது. பழி எழுந்ததன் மேல் விழுந்தது. தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால், மருந்து என்று நினைத்து நோயையே கூடுதலாகக் கொடுப்போம் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு பக்கம் நுரையீரல். மல்லாந்து படுத்தே இருப்பவரின் மூச்சு ஆழமாகப் போகாது. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா வரும். நிமோனியா வந்தால் இருமல். ஒரு பலத்த இருமல் வயிற்றுக்குள் உண்டாக்கும் அழுத்தம், சாதாரணமாக எழுந்து நிற்பதைவிட அதிகம். தையலைக் காப்பாற்றப் படுக்கவைத்து, கடைசியில் அந்தத் தையலுக்கே சோதனை!

காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது வரவுப் பக்கம் மட்டும் எழுதிய கணக்குப் புத்தகம். படுக்கையால் வந்த நன்மை ஒவ்வொன்றும் பதிவானது. படுக்கையால் வந்த சாவு "விதி" என்ற தலைப்பில் எழுதப்பட்டது.

கேட்க ஆளில்லாத குரல்

1899-ம் வருடம். எட்வர்ட் மன்னரின் ஆபரேஷனுக்கு மூன்று வருடம் முன்பே, சிகாகோவில் பணியாற்றிய எமில் ரீஸ் என்ற மகப்பேறு மற்றும் பெண்கள் நோய் சர்ஜன் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. வயிற்றறையைத் திறந்து ஆபரேஷன் செய்த பெண்களைத் தான் ஒன்றிரண்டு நாளிலேயே எழுப்பி உட்கார வைப்பதாகவும், சீக்கிரமே சாப்பாடு கொடுப்பதாகவும், அவர்கள் வேகமாகத் தேறுவதாகவும் சொன்னார்.

கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கொருவர் இங்கொருவராகச் சிலர் முயன்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் கேட்கவில்லை? ஒரு டாக்டரின் இடத்தில் இருந்து யோசித்தால் புரியும். நோயாளியைப் படுக்கவைத்து அவர் இறந்தால், வழக்கமான முறைப்படி எல்லாம் செய்தாயிற்று, கடவுள் சித்தம். நோயாளியை எழுப்பி நடக்கவைத்து அவர் இறந்தால், டாக்டர் கொன்றுவிட்டார். இரண்டாவது வகைப் பழியைச் சுமக்க யாருக்கு ஆசை? பழைய வழக்கத்தைப் பின்பற்றித் தோற்றவனை உலகம் மன்னிக்கும், புதிய வழியில் போய்த் தோற்றவனை மன்னிக்காது. மருத்துவத்தில் மட்டுமா, எல்லாத் துறையிலும் இதே கதைதான்.

யுத்தம் வந்தது, கட்டில் தீர்ந்தது

சுமார் நாற்பது வருடம் கழித்து, டெட்ராய்ட் நகரின் சர்ஜன் டேனியல் லைத்தாவ்சர் இதைக் கையில் எடுத்தார். ஆபரேஷன் ஆனவர்களைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்த அனுபவத்தை 1941-ல் கட்டுரையாக வெளியிட்டார். 1946-ல் அது முழுப் புத்தகமானது. இந்தமுறை உலகம் காது கொடுத்தது. காரணம், இடையில் இரண்டாம் உலகப் போர்.

போர்க்காலத்தில் டாக்டர்களில் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். நர்ஸுகளுக்குப் பஞ்சம். கட்டிலுக்குப் பஞ்சம். குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவர் மூன்று வாரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தால், அடுத்தவரை எங்கே படுக்கவைப்பது? வேறு வழியில்லாமல் சீக்கிரம் எழுப்பி அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்கள் சாகவில்லை. சொல்லப்போனால், படுத்தே கிடந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

ஆனால் "நன்றாக இருந்தார்கள்" என்ற பேச்சு மட்டும் போதாதே, எண்ணிப் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிறு ஊரில் ஜான் பவர்ஸ் என்ற சர்ஜன் அதைச் செய்தார். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பப்பட்டவர்களையும் பழைய முறைப்படி படுத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார். எழுந்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு, அவர்கள் வேலைக்குத் திரும்பியதும் சீக்கிரம். 1944-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம், ஓய்வைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றி ஒரு தனிக் கருத்தரங்கமே நடத்தியது. அதில் பவர்ஸ் பேசினார். வில்லியம் டாக் என்ற மருத்துவர், முழு நேரப் படுக்கையால் வரும் கேடுகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

1947 டிசம்பரில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஆஷர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நுரையீரல், ரத்த நாளம், தோல், தசை, எலும்பு, சிறுநீரகம், குடல், மனம் என்று உறுப்பு உறுப்பாகப் போய், படுக்கை ஒவ்வொன்றையும் எப்படிக் கெடுக்கிறது என்று கிண்டல் தொனியில் பட்டியலிட்ட கட்டுரை அது. மருத்துவக் கட்டுரைகளைச் சிரித்துக்கொண்டே படிக்க முடியும் என்பதற்கு இன்றும் அதை உதாரணமாகச் சொல்வார்கள். (இல்லாத நோயைச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குபவர்களின் மனநிலைக்கு 1951-ல் "முன்ஹவுசன்" என்று பெயர் வைத்தவரும் இவரே.)

ஆரோக்கியமானவனைப் படுக்கவைத்தால்?

இதற்குப் பிறகும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. நோயாளி பலவீனமாவது படுக்கையாலா, நோயாலா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, நோயே இல்லாதவனைப் படுக்கவைப்பது.

அமெரிக்காவில் 1948-ல் வெளியான ஒரு ஆய்வில் ஆரோக்கியமான நான்கு இளைஞர்களுக்கு இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு போட்டு ஆறேழு வாரம் அசையாமல் வைத்தார்கள். அவர்களின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் போனது. தசை வற்றியது. நிமிர்த்தி நிற்கவைத்தால் மயக்கம் வந்தது. எந்த நோயும் இல்லை, படுக்கை மட்டும்தான்!

1966-ல் டல்லாஸ் நகரில் நடந்தது இன்னும் பிரசித்தம். இருபது வயதை ஒட்டிய ஐந்து பேர், மூன்று வாரம் படுக்கை. உடல் அதிகபட்சமாக ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. பயிற்சி கொடுத்ததும் மீண்டது. 1996-ல் அதே ஐவரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். ஐம்பது வயது, தொப்பை, நரை எல்லாம் வந்துவிட்டது. முப்பது வருட முதுமை அவர்களின் உடல்திறனைக் கெடுத்ததைவிட, இருபது வயதில் படுத்த அந்த மூன்று வாரம் அதிகமாகக் கெடுத்திருந்தது!

இருபது வயதுக்காரனுக்கே இப்படி என்றால், எழுபது வயதில் இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவரின் கதி? அவர் உடம்பில் கையிருப்பே குறைவு. அதிலிருந்தும் தினம் எடுத்துச் செலவு செய்தால் என்ன மிஞ்சும்?

மணல் மூட்டையிலிருந்து மறுநாள் பஸ் வரை

இந்த மாற்றம் வயிற்றோடு நிற்கவில்லை. கண் ஆபரேஷனில் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஒரு காலத்தில் கண்புரை ஆபரேஷன் முடிந்தவரின் தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் தலையைத் திருப்ப விடமாட்டார்கள். கண்ணில் போட்ட பெரிய வெட்டு பிரிந்துவிடக் கூடாதே என்ற பயம். இரண்டு கண்ணும் கட்டப்பட்டு, தலை அசையாமல், நாள்கணக்கில் கிடந்த முதியவர்களில் சிலருக்குப் புத்தி பேதலித்ததும் உண்டு.

தையல் நுட்பம் முன்னேறியது. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தினார். 1967-ல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், புரையை ஒலி அதிர்வால் உடைத்துச் சின்னத் துளை வழியே உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். வெட்டு சின்னதாக ஆக ஆக, படுக்கை நாட்களும் குறைந்தன. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை ஆபரேஷனைக் கிராமத்து ஏழைகளுக்கும் எட்டச் செய்து உலகப் பெயர் வாங்கியது. படுக்கை நாட்கள் குறைந்திராவிட்டால், எத்தனை கட்டில் போட்டாலும் இத்தனை பேருக்குச் செய்திருக்க முடியுமா?

இன்று கண்புரை ஆபரேஷன் ஆனவர் அன்றோ மறுநாளோ கறுப்புக் கண்ணாடியோடு பஸ் ஏறிவிடுகிறார். ஆனால் கட்டளைகள் போய்விடவில்லை, மாறியிருக்கின்றன. கண்ணைக் கசக்காதே, கண்ணில் தண்ணீர் படவிடாதே, சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. தலையை அசைக்காதே என்பது மட்டும் போய்விட்டது.

கோபன்ஹேகனின் கேள்வி

1970-களில் இன்னொரு ஆயுதம் வந்தது. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் இருந்த இந்தியரான விஜய் கக்கர் தலைமையில், பல நாடுகளில் 4,121 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1975-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்குக் குறைந்த அளவு ஹெப்பாரின் ஊசி, மறு பாதிக்கு இல்லை. ஊசி போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேர். ஆபரேஷனுக்குப் பிறகு தொப்புளைச் சுற்றிப் போடும் அந்தச் சின்ன ஊசியை "இது எதுக்கு வீணா?" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

1990-களில் டென்மார்க்கின் சர்ஜன் ஹென்ரிக் கேலெட் எளிமையான ஒரு கேள்வி கேட்டார். ஆபரேஷன் ஆன நோயாளி இன்று ஏன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்? வலியா? வலியைக் குறை. குமட்டலா? அதற்கு மருந்து உண்டு. சாப்பிட முடியவில்லையா? வயிற்றுச் சத்தம் வரும்வரை பட்டினி போட வேண்டும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு தடையாக எடுத்துப் பார்த்தார். 1995-ல் அவருடைய கோபன்ஹேகன் குழு, லேப்ராஸ்கோப் மூலம் பெருங்குடலில் ஒரு பகுதியை நீக்கப்பட்ட வயதானவர்களை இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்ப முடிந்ததாக எழுதியது. அதுவரை ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் விஷயம் அது.

இதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று "ஈராஸ்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் துரித மீட்பு முறை. 2001-ல் சில ஐரோப்பிய சர்ஜன்கள் குழுவாகச் சேர்ந்தார்கள், 2010-ல் அது ஒரு சங்கமானது. ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த பானம் குடிக்கலாம், தேவையில்லாத குழாய்களைச் சீக்கிரம் எடுத்துவிடு, சீக்கிரம் சாப்பிடவை, முடிந்தால் அன்றே கட்டிலை விட்டு இறக்கு. குடலைத் தட்டி எழுப்ப சூயிங்கம் மெல்லச் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு!

1899-ல் எமில் ரீஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். சீக்கிரம் எழுப்பு, சீக்கிரம் சாப்பாடு கொடு.

அப்படியானால் டாக்டர் சொல்லைக் கேட்க வேண்டாமா?

இந்தக் கதையைப் படித்துவிட்டு "பார்த்தாயா, டாக்டர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று கிளம்புபவர்கள் கதையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். தவறான கட்டளையைத் திருத்தியது, நோயாளிகள் ஆளாளுக்கு இஷ்டப்படி நடந்ததால் அல்ல. பவர்ஸ் எண்ணினார், கக்கர் எண்ணினார், கேலெட் ஒவ்வொரு தடைக்கும் காரணம் கேட்டார். தன் தவறைத் தானே எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொண்ட துறை அது. எண்ணாமல் சொல்லும் பக்கத்து வீட்டு ஆலோசனைக்கு அந்த வசதி கிடையாது.

அதேபோல் "எல்லோரும் எழுந்து நடங்கள்" என்பதும் புது மூடநம்பிக்கை ஆகிவிடக் கூடாது. குடலிறக்க ஆபரேஷன் ஆனவர் நடக்கலாம், ஆனால் கேஸ் சிலிண்டரைத் தூக்கக் கூடாது. தசைநாண் தைத்த கையை அதற்கான கட்டில்தான் வைத்திருக்க வேண்டும். காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது எலும்பு டாக்டர் சொல்ல வேண்டியது. ஹில்டனும் தாமஸும் சொன்ன ஓய்வு முழுப் பொய் இல்லை. காயத்துக்கு ஓய்வு, மனிதனுக்கு நடை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் நூறு வருடம் ஆகியிருக்கிறது.

கட்டளையை மீறுவதற்கும் எப்போதும் திமிர் காரணம் இல்லை. 1970-களில் கனடாவின் டேவிட் சாக்கெட்டும் பிரையன் ஹெய்ன்ஸும், நோயாளிகள் ஏன் சொன்னபடி செய்வதில்லை என்பதை ஒரு தனி ஆராய்ச்சித் துறையாகவே வளர்த்தார்கள். முதலில் அதற்குப் "பணிதல்" என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. பிறகு "பற்றி நிற்றல்" என்ற பொருளில் மாற்றினார்கள். வெறும் சொல் மாற்றம் இல்லை அது. பணிவதற்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை, பற்றி நிற்பதற்குத் தெரிய வேண்டும். 2003-ல் வெளியான ஒரு கட்டுரை, டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனடியாக மறந்துவிடுகிறது என்கிறது. நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்ட பாதி தப்பாக நிற்கிறதாம். பாதி மயக்கத்தில், வலியில், பயத்தில் இருப்பவரிடம் கட்டில் ஓரம் நின்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனால் வேறென்ன ஆகும்?

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்று மூன்று விஷயங்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எதைச் செய்யக் கூடாது? எத்தனை நாளைக்கு? ஏன்? மூன்றாவதுதான் முக்கியம். காரணம் தெரிந்த கட்டளையை மனிதன் மீறுவது குறைவு. "நடங்கள்" என்றால் சும்மா சொல்கிறார்கள் என்று தோன்றும். "நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும்" என்றால் கால் தானாகக் கீழே இறங்கும்.

கூட இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வார்டு எதிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிஸ்டர் வந்து "எழுந்து நடங்கம்மா" என்பார். சுற்றி நிற்கும் சொந்தங்கள் "ஐயோ, நேத்துதானே வயித்தைக் கிழிச்சிருக்காங்க, பச்சை உடம்பு, படுத்துக்க" என்பார்கள். அந்தச் சொந்தங்களின் அன்பில் குறையே இல்லை. அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் டாக்டர் சொன்னதுதான். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ எந்த டாக்டரோ சொன்னது, வீட்டில் தங்கிவிட்டது. வார்டில் மாறியது வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருப்பதுபோல, மருத்துவ அறிவுரைக்கும் தேதி உண்டு. அதை யாரும் அச்சடித்துத் தருவதில்லை. காயத்தை இன்று பார்த்தவர் இன்று சொன்னதுதான் புது ஸ்டாக். அது வலித்தாலும், அத்தை முறைத்தாலும், சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் பத்து அடி நடந்துவிட்டு வந்து படுப்பதுதான் இன்றைக்கு டாக்டர் சொல் கேட்பது.